எடுத்தது கர்ப்பப்பை மட்டும்தானா?

(மதுரையில் ஆய்வு மாணவர்களும் தோழர்களும் கூடிய வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று என் ஆய்வைப் பற்றிப் பேசும்படிதான் கேட்டிருந்தார்கள். வைகைப் பாசன ஊர்களில் விவசாயக் கூலிப் பெண்களின் உழைப்பு என்பது தலைப்பு. அதைத்தான் பேசப் போகிறேன். ஆனால் கொஞ்சம் சுற்றி வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 32. மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகிறது.

இந்த வாக்கியத்தைச் சொன்னதும் இங்கே சிலர் தலையைக் குனிந்துகொண்டது தெரிகிறது. பரவாயில்லை. நானும் ஒரு வருடம் குனிந்துகொண்டுதான் இருந்தேன்.

முதலில் அம்மாவின் கதை. சோழவந்தான் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். அவருக்கு 35 வயது இருக்கும்போது, நான் ஒன்பதாம் வகுப்பு, பெரும்போக்கு அதிகமாகி வேலைக்குப் போக முடியாமல் ஆனது. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் காட்டினார்கள். “பிள்ளை பெத்தாச்சுல்ல, இனிமே எதுக்கு அது? விட்டா கேன்சர்ல கொண்டுபோய் விட்டுரும்” என்றார்களாம். மாத்திரை கொடுத்துப் பார்க்கவில்லை. வட்டிக்கு வாங்கி அறுவை சிகிச்சை நடந்தது. வட்டி கட்ட வேண்டுமே, அதனால் நாற்பது நாளில் மறுபடி வயலில் இறங்கினார்.

அதன் பிறகு அம்மா பழைய அம்மா இல்லை. ராத்திரி வாசல் திண்ணையில் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். “உடம்புக்குள்ள அடுப்பு எரியுதுத்தா” என்பார். தூக்கம் கிடையாது. மூட்டு வலி. நடவு வரிசையில் பின்தங்குவார். வயல்காரர் அதற்கு ஒரு பெயர் வைத்தார்: சோம்பேறி. “இதுக எல்லாம் உக்காந்து திங்கப் பாக்குதுக” என்று சொன்னதை வரப்பில் நின்று நானே கேட்டிருக்கிறேன். அம்மா 50 வயதில் வாசல்படியில் லேசாகத் தடுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. அப்போதும் வயசாகிவிட்டது என்றுதான் நினைத்தோம்.

இப்போது என் கதை. எனக்கு எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்படலத்தைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே வளரும் நோய். இரண்டு முறை அறுவை சிகிச்சை செய்தும் திரும்பத் திரும்ப வந்தது. 30 வயதில் கருப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்தார்கள். எனக்கு அது தேவைப்பட்டது, யோசித்து நானே கையெழுத்துப் போட்டேன். அந்த முடிவில் வருத்தம் இல்லை. வருத்தமெல்லாம் பிறகு என்ன நடக்கும் என்று யாரும் சொல்லாததில்தான். டிஸ்சார்ஜ் சம்மரியில் கனமான பொருள் தூக்கக் கூடாது, தையலை இந்தத் தேதியில் காட்ட வேண்டும் என்றெல்லாம் இருந்தது. ஹார்மோன் என்ற சொல்லே இல்லை.

சில நாட்களிலேயே முதல் அனல் வந்தது. நெஞ்சிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து முகத்துக்கு. இரண்டு மூன்று நிமிடம் கொதித்து, வேர்த்துக் கொட்டி, பிறகு குளிரும். ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது தடவை. மதுரைச் சித்திரை வெயிலில், மாட்டுத்தாவணியில் ஏறி நின்றுகொண்டே போகும் பஸ்ஸில் அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ராத்திரி ஒன்றரை மணிக்கு விழித்தால் விடியும்வரை தூக்கம் வராது. எல்லாவற்றையும்விட மோசமானது மறதி. வார்த்தை நாக்கு நுனியில் நிற்கும், வராது.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை நடக்கும் ஆய்வுக்குழுக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன். அனல் வந்தது. கூடவே, மூன்று வருடமாகப் படித்துக்கொண்டிருக்கும் ஓர் ஆய்வாளரின் பெயர் மறந்துபோனது. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். குழுவில் ஒருவர் கனிவாகத்தான் சொன்னார்: “பதறாதம்மா. எல்லாருக்கும் இது ஒத்து வராது. உங்க பிள்ளைங்க இவ்வளவு தூரம் வந்ததே பெருசு.”

அன்று ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அம்மாவின் நடவு வரிசை ஞாபகம் வந்தது. இரண்டு பேருக்கும் உடம்பில் நடந்தது ஒன்றே. சினைப்பை போனது, ஈஸ்ட்ரோஜன் போனது, தூக்கம் போனது, வேலை தடுமாறியது. பார்த்தவர்கள் நோயைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்ததும் சோம்பேறி என்றார்கள். என்னைப் பார்த்ததும் தகுதி இல்லாதவள் என்று முடிவு கட்டினார்கள். இரண்டுமே நம்மைப் பற்றி ஏற்கெனவே தயாராக வைத்திருந்த சொற்கள்தாம். இதையேதான் என் ஆய்வும் பேசுகிறது. உடம்பின் களைப்புக்குக்கூட சாதி பார்த்துத்தான் இங்கே பெயர் வைக்கிறார்கள்.

சரி, உடம்புக்குள் என்ன நடக்கிறது? இயல்பாக மாதவிடாய் நிற்கும்போது சினைப்பைகள் பல வருடங்களில் மெல்ல மெல்ல ஓய்கின்றன. உடம்பு பழகிக்கொள்ள நேரம் இருக்கிறது. அறுவையில் இரண்டு சினைப்பைகளையும் எடுத்தால் ஈஸ்ட்ரோஜன் ஓரிரு நாளில் சரிந்துவிடும். அனல், தூக்கமின்மை, மூட்டு வலி, பிறப்புறுப்பு வறட்சி, மனச்சோர்வு எல்லாம் அதனால்தான் இவ்வளவு கடுமையாக வருகின்றன. கண்ணுக்குத் தெரியாத பாதிப்பும் உண்டு. எலும்பு வேகமாக மெலியும். இளம் வயதில் சினைப்பைகளை இழந்தவர்களுக்கு இதயநோய் வரும் வாய்ப்பும் கூடும். அம்மாவின் மணிக்கட்டு முறிந்ததற்கு வாசல்படி மட்டும்தான் காரணம் என்று இப்போது நான் நம்பவில்லை.

வேறு தடை இல்லாவிட்டால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை, ஏறக்குறைய 50 வரை, இழந்த ஹார்மோனை மருந்தாகத் தர வேண்டும் என்பதுதான் உலக அளவில் மருத்துவ வழிகாட்டுதல். “ஹார்மோன் மாத்திரையா? கேன்சர் வருமே” என்று என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2002இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் ஒரு பகுதியை மார்பகப் புற்றுநோய் கூடியதால் பாதியில் நிறுத்தினார்கள். உலகம் முழுக்கச் செய்தியானது. ஆனால் அதில் பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63. இயல்பாகவே மாதவிடாய் நிற்கும் வயதைத் தாண்டியவர்களுக்குக் கூடுதலாகத் தருவது வேறு, 30 வயதில் பறிபோனதைத் திருப்பித் தருவது வேறு. அதே ஆய்வில் கருப்பை இல்லாத பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த பகுதியில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. இதற்காக எல்லோரும் வாங்கிச் சாப்பிடுங்கள் என்று சொல்லவில்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டு வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் விஷயத்தில் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எனக்குச் சரியான மருத்துவர் கிடைக்க ஏழு மாதம் ஆனது. தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல் கொடுத்தார். தோல் வழியாகப் போகும்போது ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு மாத்திரையைவிடக் குறைவு என்றார். எண்டோமெட்ரியோசிஸ் மிச்சம் இருக்கக்கூடும் என்பதால் கூடவே புரோஜெஸ்டெரோனும். அளவு சரியாக அமைய மூன்று முறை மாற்ற வேண்டியிருந்தது. இரண்டாவது மாதத்தில் ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கினேன். காலையில் எழுந்து அழுதேன்.

வேலையை எப்படிச் சமாளித்தேன் என்று தோழிகள் கேட்பார்கள். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. அனல் எப்போது வந்தது, என்ன சாப்பிட்டேன், எவ்வளவு தூங்கினேன் என்று ஒரு நோட்டில் எழுதினேன். சாயந்தர டீதான் ராத்திரியைக் கெடுக்கிறது என்று அதில்தான் தெரிந்தது. மருத்துவரிடம் “ரொம்பக் கஷ்டமா இருக்கு” என்று சொல்வதைவிட அந்த நோட்டைக் காட்டியது பயன்பட்டது. எழுத்து வேலையைக் காலை ஆறிலிருந்து பத்துக்குள் வைத்துக்கொண்டேன். பேசப்போகும் இடங்களில் பெயர்களைத் தாளில் எழுதிக் கையில் வைத்திருக்கிறேன், இப்போதும் பாருங்கள், இருக்கிறது. எலும்புக்காக நடையும் கொஞ்சம் எடை தூக்கும் பயிற்சியும். துறையில் ஒரே ஒருவரிடம் முழு உண்மையையும் சொன்னேன். அந்த ஒருவர் போதுமாக இருந்தது. உதவித்தொகை நான்கு மாதம் தாமதமானபோது மட்டும் ஜெல் வாங்க முடியவில்லை. ஒரே வாரத்தில் அனல் திரும்பி வந்தது.

இது என் தனிக்கதை என்றால் இங்கே நின்று பேசியிருக்க மாட்டேன். 2019இல் மகாராஷ்டிராவின் பீட் மாவட்டம் செய்தியானது. கரும்பு வெட்டப் போகும் பெண்களின் ஊர்களில் கருப்பை இல்லாதவர்கள் அவ்வளவு பேர். அரசு அமைத்த குழு 82,309 பெண் தொழிலாளர்களைக் கணக்கெடுத்தது. 13,861 பேருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. ஆறில் ஒருவர். நாடு முழுவதும் 15 முதல் 49 வயதுப் பெண்களில் இது சுமார் 3 விழுக்காடுதான். அங்கே கணவனும் மனைவியும் சேர்ந்து ஓர் அரிவாள் என்றுதான் கணக்கு. முன்பணம் வாங்கியாயிற்று. ஒரு நாள் வராவிட்டால் அபராதம். கரும்புத் தோட்டத்துக்குப் பக்கத்தில் குடிசை, கழிப்பறை இல்லை. மாதவிடாயே கூலி இழப்பு என்றானபோது, கருப்பையை எடுத்துவிடுங்கள் என்ற ஆலோசனை நியாயமாகத் தெரிந்தது. நம் அலங்காநல்லூர்ப் பக்கமும் கரும்பு உண்டு. நடவு வயலிலும் துப்புரவு வேலையிலும், வராத நாளுக்குக் கூலி இல்லாதவர்கள் நம் தெருக்களில் எத்தனை பேர்?

பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் பெண்களுக்குத் தேவையில்லாமல் நடந்த இத்தகைய அறுவைகள் குறித்து மருத்துவர் நரேந்திர குப்தா உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பெண்கள் என்பது அவர் வாதம். 2023 ஏப்ரல் 5 அன்று தீர்ப்பு வந்தது. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்க மத்திய சுகாதாரத் துறை 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும் என்றது நீதிமன்றம்.

நல்ல தீர்ப்பு. ஆனால் அது கத்தி வைப்பதற்கு முன்பு உள்ளதைப் பேசுகிறது. ஏற்கெனவே எடுக்கப்பட்டவர்களுக்கு? காப்பீட்டுத் திட்டங்களைப் பாருங்கள். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் அறுவைக்குப் பணம் தரும், வீடு திரும்பிய பின் 15 நாள் செலவையும் ஏற்கும். அதற்குப் பிறகு 20 வருடம் எடுக்க வேண்டிய மருந்து நம் கைக்காசு. பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். யுஜிசி விதிப்படி பெண் ஆய்வாளர்களுக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 240 நாள். போராடிப் பெற்ற உரிமை, குறை சொல்லவில்லை. மகப்பேறு நலம் பற்றிய சட்ட விதிகளில் கருத்தடை அறுவைக்குக்கூட இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. கருப்பையை இழந்தவளுக்கு என்று இவற்றில் எதுவும் இல்லை. பெறும் உடம்புக்கும், பெறுவதை நிறுத்தும் உடம்புக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. வெறுமனே வாழ வேண்டிய உடம்புக்கு இடம் இல்லை.

ஒரு தோழர் என்னிடம் கேட்டார்: பிள்ளை பெறும் சுமையிலிருந்து பெண் விடுபட வேண்டும் என்று சொன்ன பெரியாரின் மண்ணில், கருப்பை போனதற்கு ஏன் இவ்வளவு வருத்தம்? நல்ல கேள்வி. பெரியார் கர்ப்பத்தடையைப் பேசியபோது, மற்றவர்கள் சொன்ன உடல்நலம், நாட்டு வறுமை ஆகிய காரணங்களிலிருந்து விலகி நின்று, பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்றார். யாருக்காக என்பதுதான் கேள்வி. மேஸ்திரிக்குக் கூலி நாள் குறையாமல் இருக்க எடுக்கப்படும் கருப்பை எந்தப் பெண்ணையும் விடுதலை செய்யவில்லை. பாபாசாகேப் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசினார். உழைக்கும் பெண்ணின் உடம்புக்கு ஓய்வு தருவது சமூகத்தின் கடமை என்ற அந்த வாதத்தை மகப்பேற்றோடு நிறுத்தாமல் நீட்டுவது நம் வேலை.

நாம் கேட்க வேண்டியவை எளியவை. எந்த உறுப்பை எடுக்கிறார்கள், ஏன், எடுத்தால் என்ன ஆகும் என்பதை அறுவைக்கு முன்பே தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். நோயில்லாத சினைப்பையைக் கூடுமானவரை விட்டுவைக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. தேவைப்படும் பெண்களுக்கு ஹார்மோன் மருந்தும் எலும்புப் பரிசோதனையும் அதைப் போலவே வர வேண்டும். ஆய்வு மாணவிகளுக்கும் துப்புரவுத் தோழர்களுக்கும் இதற்கான விடுப்பு வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். போன மாதம் வீட்டுக்குப் போனபோது அம்மாவின் பழைய பைலைத் தேடி எடுத்தேன். தகரப் பெட்டியில் ரேஷன் கார்டுக்கு அடியில் இருந்தது. அம்மா இத்தனை வருடமாக “கர்ப்பப்பைய எடுத்தாச்சு” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். தாளில் கருப்பையோடு இரண்டு சினைப்பைகளும் என்று இருந்தது. படித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப நான் சோம்பேறி இல்லையாத்தா?” என்று கேட்டார்.

18 வருடம் அந்தச் சொல்லைச் சுமந்திருக்கிறார். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் அம்மா, சித்தி, அத்தை யாருக்காவது இந்த அறுவை நடந்திருந்தால் அந்த பைலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எடுத்தது எது என்று பார்த்து, அதை அவர்களிடம் சொல்லுங்கள்.