படுக்கைக்குக் காப்பீடு உண்டு, வீட்டுக்கு உண்டா?

(அருப்புக்கோட்டையில் இளைஞர்கள், வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேலங் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஒரு பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது. மாத்திரை தீர்ந்துபோனால் "அடுத்த வாரம் பார்ப்போம்" என்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனால் பஸ் செலவோடு ஒரு நாள் கூலியும் போய்விடும். ஒருநாள் கை கால் இழுத்துக்கொள்கிறது. பதறிப்போய் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

இப்போது காப்பீட்டு அட்டை உதவிக்கு வருகிறது. ஆனால் அந்த நோய் முற்றாமல் தடுத்திருக்கக்கூடிய காலத்தில் அதே அட்டை என்ன செய்தது? ஒன்றுமே செய்யவில்லை! இன்று நாம் பேச வேண்டிய பிரச்சினை இதுதான்.

தமிழகத்தில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாற்றி அமைக்கப்பட்டது. மத்திய அரசு 2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டமும் அதனுடன் இணைக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்பது பெரிய உதவிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் கிடைக்கும். ஆயுஷ்மான் பாரத் விதிப்படி, வீடு திரும்பிய பின் 15 நாள் வரையிலான பரிசோதனையும் மருந்தும் அடங்கும். பதினாறாம் நாள் முதல் நோயாளியை யார் கவனிப்பது?

அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடு மெடிகேர். வீட்டில் இருக்கும் நோயாளியின் இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு ஆகியவற்றைக் கருவி மூலம் டாக்டருக்கு அனுப்பிக் கண்காணிக்கும் பணிக்கு, 2019 முதல் புதிய கட்டண முறைகளை வகுத்து அது பணம் தருகிறது. நோய் முற்றிய பின் கொடுப்பதைவிட முன்பே கொடுப்பது லாபம் என்ற கணக்கு அதில் இருக்கிறது. வியாபாரிகளான உங்களுக்கு இந்தக் கணக்கை நான் விளக்கத் தேவையில்லை!

நம் நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. டாக்டர்கள் தொலைவிலிருந்து ஆலோசனை வழங்குவதற்கான நெறிமுறைகள் 2020 மார்ச் 25 அன்று வெளியாயின. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருவதே அதன் முறை. வீட்டிலேயே இயன்முறை சிகிச்சையும், படுத்த படுக்கையாய்க் கிடப்போருக்கான பராமரிப்பும் அதில் உண்டு. 2022 ஜனவரி 12 அன்று விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது.

ஆக, வீட்டு வாசலுக்கு வரும் ஆளும் உண்டு, மாவட்டத் தலைநகரில் டாக்டரும் உண்டு. நடுவே ஒரு பாலம்தான் தேவை. வீட்டில் எடுக்கும் அளவு உடனே டாக்டரைச் சேர வேண்டும். அளவு ஏறினால் அங்கிருந்து அழைப்பு வர வேண்டும். இதற்கான செலவைப் பொதுக் காப்பீடு ஏற்க வேண்டும். இது நம் சமுதாயத்துக்கு மட்டுமான கோரிக்கை அல்ல. தறி நெய்பவருக்கும், மானாவாரி விவசாயிக்கும், கடை வைத்திருப்பவருக்கும் சேர்த்தே கேட்கிறோம்.

கேட்டுவிட்டுச் சும்மா இருக்கலாமா? கூடாது!

இளைஞர்களே, உங்கள் தெருவில் எந்தெந்த வீட்டில் காப்பீட்டு அட்டை இல்லை, எந்த முதியவரின் பெயர் வீடு தேடி வரும் திட்டத்தில் விடுபட்டிருக்கிறது என்று கணக்கெடுங்கள். வணிகர்களே, மஹல்லாவுக்கு ஒன்றாக, மேல்கையில் கட்டிப் பார்க்கும் தரமான இரத்த அழுத்தக் கருவி வாங்கிக் கொடுங்கள். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, இரண்டு முறை பார்த்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். வீட்டில் எடுக்கும் அளவு தொடர்ந்து 135/85-க்கு மேல் இருந்தால் அந்த நோட்டோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஆலோசனைக்கு 104 இருக்கிறது. வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, நெஞ்சு வலித்தாலோ நோட்டைத் தேடாதீர்கள், உடனே 108-ஐ அழையுங்கள்.

சகோதரர்களே! அந்த நோட்டுப் புத்தகம்தான் நாளை நம் கோரிக்கைக்குச் சாட்சி. "இத்தனை வீடு, இத்தனை நோயாளி, இத்தனை பேரை முன்கூட்டியே காப்பாற்ற முடியும்" என்று அதிகாரிகள் முன் எடுத்து வையுங்கள். வெறும் முழக்கத்தைத் தள்ளிவிடலாம், எழுதி வைத்த கணக்கை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது.