கதோட்டில் உதிரும் தூள்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



உலோகத் தூள் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தெரிகிறது. மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடுவேன்.

செப்புச் சல்பேற்றுக் கரைசலை மின்பகுக்கும் செய்முறையை விஞ்ஞானப் பிரிவு மாணவிகள் அறிவீர்கள். மின்னோட்டத்தை அளவாகச் செலுத்தினால் கதோட்டில் சிவந்த, இறுக்கமான செப்புப் படை உண்டாகும். அவசரப்பட்டுக் கூட்டினால், விரல் பட்டாலே உதிரும் கருஞ்சிவப்புத் தூள் படியும். செய்முறைக் கொப்பியில் அதற்குப் பெயர் பிழை, கழுவி ஊற்றிவிடுவோம். தொழிற்சாலைகளிலோ அதே தூளை வேண்டுமென்றே உண்டாக்கி விற்கிறார்கள்.

இரண்டும் செப்புத்தான். ஓட்டம் குறைவாக இருக்கையில் அயன்கள் ஆறுதலாக வந்து பளிங்கில் தமக்குரிய இடத்தில் அமர்கின்றன. கூட்டக் கூட்ட, கதோட்டை ஒட்டிய கரைசலில் அயன்கள் தீர்ந்துபோகும். தூரத்திலிருந்து பரவி வருபவை போதா. அப்போது சற்று நீட்டிக்கொண்டிருக்கும் முனைக்கே அயன்கள் முதலில் அகப்படும். முனை வளரும், கிளைவிடும், கிளையிலும் கிளை வரும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பன்னத்தின் இலைதான். இன்னும் கூட்டினால் ஐதரசன் குமிழிகள் எழும். குமிழி இருந்த இடம் துளையாகி, படிவு கடற்பஞ்சு போலாகும்.

செப்பைச் சுத்திகரிப்பவர்கள் லீற்றருக்கு ஏறத்தாழ 40 முதல் 50 கிராம் செப்புள்ள கரைசலில், சதுர மீற்றருக்கு 200 முதல் 350 அம்பியர் வரை செலுத்துகிறார்கள். தூள் செய்பவர்கள் செப்பைக் குறைத்து, ஓட்டத்தை இரண்டு மூன்று மடங்காக்குகிறார்கள். தூளை அடிக்கடி சுரண்டி எடுக்கவும் வேண்டும். விட்டுவைத்தால் கிளைகளால் பரப்புக் கூடி, ஓட்ட அடர்த்தி தானாக இறங்கி, துணிக்கைகள் பருத்துவிடும்.

கிளைத்த தூளை அச்சில் அழுத்தினால் ஒன்றையொன்று கொளுவிக்கொள்ளும். உருண்டைத் தூள் நன்றாக ஓடும், ஆனால் அப்படிப் பற்றாது. வீட்டு மேசை மின்விசிறிக்குள் எண்ணெய் ஊறிய வெண்கலப் புஷ் இருக்கிறதே, அதுவும் தூளை அழுத்திச் சூடாக்கிச் செய்வதுதான்.

கலப்புலோகத் தூளுக்கு வந்தால் கதை இன்னும் சுவையானது. செப்புக்கும் நாகத்துக்கும் நியம மின்வாய் அழுத்தத்தில் ஏறத்தாழ 1.1 வோல்ற்று இடைவெளி. சாதாரண அமிலக் கரைசலில் செப்பு முந்திக்கொள்ளும். செப்பு தன் எல்லையைத் தொட்ட பின்னரே நாகத்துக்கு இடம் கிடைக்கும். நிக்கலும் இரும்பும் இந்த ஒழுங்கையும் மீறுகின்றன. நிக்கல் அல்லவா முந்த வேண்டும்? படிவிலோ இரும்பின் பங்கு கரைசலில் இருந்ததைவிடக் கூடிவிடுகிறது. 1963இல் வெளிவந்த தம் நூலில் அப்னர் பிரென்னர் இதனை முறைமாறிய படிவு என்று வகைப்படுத்தினார். காரணம் பற்றி ஆய்வாளர் இன்னும் வாதிடுகிறார்கள். எனக்கு அது மகிழ்ச்சியே, எங்கள் பிள்ளைகளுக்கும் வேலை மிஞ்சியிருக்கிறது.

மின்னோட்டத்தைத் தொடர்ந்து விடாமல், மில்லிசெக்கன் கணக்கில் விட்டு விட்டுச் செலுத்தும் முறையும் உண்டு. இடைவேளையில் கதோட்டருகே அயன்கள் மீண்டும் நிரம்பும். மணிகள் பெரும்பாலும் நுண்மையாகும். ஆனால் செப்பும் கோபாற்றும் சேர்ந்த கரைசலில், ஓட்டம் நின்ற அந்தக் கணத்தில் செப்பு அயன்கள் படிந்த கோபாற்றிடம் இலத்திரனைப் பறித்துத் தாம் படிகின்றன. கோபாற்று கரைந்து போகிறது. ஆளியைத் திறந்த பின்னும் தூளின் சேர்மானம் மாறுகிறது! எடுத்த தூளை உடனே கழுவாவிட்டாலும் இதே சிக்கல். செப்புத் தூளானால் காற்றில் ஒட்சியேறாதிருக்கச் சவர்க்காரக் கரைசலிலும் கழுவுவார்கள்.

இவற்றை ரியூசன் வகுப்பு ரியூட்டில் மனனம் செய்யலாம். கண்ணால் காண மின்னோட்டம் எங்கள் கைக்குள் நிற்க வேண்டும். பழைய பற்றரி இறங்கிக்கொண்டே போகும். தொடக்கத்தில் தூளும் பிறகு படையும் வந்தால் மாணவி எதைக் கொப்பியில் எழுதுவாள்?

இன்று பின்னேரம் நூற்றாண்டு நிதி பற்றிக் கூடிப் பேசவிருக்கிறோம். முகப்பு வளைவுக்கு நான் எதிரியல்ல. அதற்கு முன், ஓட்டத்தை மாற்றி நிறுத்தக்கூடிய நேரோட்ட மின்வழங்கிகள் மேசைக்கொன்றாகவும், உலோகப் பரப்பை மேலிருந்து ஒளியூட்டிப் பார்க்கும் நுணுக்குக்காட்டி ஒன்றும் வாங்க வேண்டுமென முன்மொழிகிறேன். வழிமொழிய ஓர் அக்கா எழுந்தால் போதும்.