பெயரற்றோர்க்குப் பெயர் தருவோம்



1942–43இல் சப்பானியர் சயாமையும் பருமாவையும் இணைத்து 415 கி.மீ. இருப்புப்பாதை இட்டனர். மலாயாத் தோட்டங்களினின்று கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் ஆங்குக் கக்கல் கழிச்சலாலும் பசியாலும் மாய்ந்தனர். சிறைப்பட்டு மாண்ட வெள்ளைப் படைஞர்க்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள. 1957இல் 'குவாய் ஆற்றுப் பாலம்' என்னும் ஆங்கிலத் திரைப்படமும் அவர்தம் துயரை உலகறியச் செய்தது. தமிழர்க்கோ முழுமையான பெயர்ப்பட்டியலும் இல்லை!

உயிர்தப்பிய முதியோர் சிலர் பின்னாளில் ஆவணப்படங்களில் வாய்திறந்தனர். அவர்தம் சொல்லே சான்றாயிற்று. அத்தலைமுறை இன்று அருகிவிட்டது. மலாயாவும் பருமாவும் சென்றோர் கதை எவ்வீட்டு மூதாட்டி நாவில் எஞ்சியிருப்பினும், திண்ணையில் கூடிக் கேளுங்கள், கைப்பேசியிலேனும் படமெடுங்கள், பெயர், ஊர், ஆண்டு குறியுங்கள். வீழ்ந்த மறவர்க்குப் பெயர் பொறித்து நடுகல் நட்ட இனம், உழைத்து மாண்டோரைப் பெயரற்றோராய் விடலாமா?