பத்தாயம் காத்த பூனையின் கடைசி நாட்கள்

(வானொலியில் கால்நடை மருத்துவர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



மாடு, ஆடு, கோழி பற்றி இந்த நேரத்தில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். இன்றைக்குப் பூனையைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். "பூனைக்கு ஒரு பேச்சா?" என்று சிலர் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் ரேடியோவை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நானும் ஒரு நாள் அப்படிச் சிரித்தவன்தான். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மருந்தக வாசலில் சினை பார்க்க வந்த மாடுகள் வரிசையாக நிற்கின்றன. நடுவில் ஒரு பாட்டி, கூடையைத் துணியால் மூடிக்கொண்டு நின்றார். திறந்து பார்த்தால் எலும்பும் தோலுமாக ஒரு கிழட்டுப் பூனை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். "வயசாயிடுச்சு பாட்டி, இனிமே ஒண்ணும் செய்யறதுக்கில்ல. வீட்டுக்குக் கொண்டு போங்க" என்றேன். பாட்டி கோபப்படவில்லை. "சாகப் போவுதுன்னு எனக்குந் தெரியும் தம்பி. பதினாலு வருசம் எங்க வூட்டு நெல்லக் காத்திருக்கு. அது நோவாம போவணும். அதுக்கு என்ன பண்றதுன்னு சொல்லு" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த மாட்டைக் கொண்டுவரச் சொல்லிவிட்டேன்.

பத்து நாள் கழித்துப் பேரன் ஓடி வந்தான். போய்ப் பார்த்தேன். பத்தாயத்துக்குப் பக்கத்தில் பூனை படுத்திருந்தது. முகம் வீங்கி, ஈறு காப்பிக்கொட்டை நிறத்துக்கு மாறி, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. ராத்திரி முனகியதைப் பொறுக்க முடியாமல், தனக்கு வைத்திருந்த காய்ச்சல் மாத்திரையில் பாதியைப் பாலில் கரைத்து ஊற்றியிருக்கிறார் பாட்டி. பாசத்தில் கொடுத்தது. ஆனால் பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சு. அதை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். அந்தத் தவறில் பெரும்பங்கு என்னுடையது. இன்றைய பேச்சு அந்தப் பாட்டி கேட்ட கேள்விக்குத் தாமதமாக வந்த பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது

நன்றாக வளர்த்த வீட்டுப் பூனை 12 முதல் 15 ஆண்டுகள் வரை இருக்கும். அதற்கு மேலும் இருப்பது உண்டு. பத்து வயதைத் தாண்டினால் கிழப்பருவம். வயதான பூனைகளுக்கு அதிகம் வருவது சிறுநீரகக் கோளாறு. அடிக்கடி தண்ணீர் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும், நாளுக்கு நாள் மெலியும், வாய் நாறும், வாந்தி எடுக்கும். இதைக் குணப்படுத்த முடியாது. ஆனால் கவனித்துக்கொண்டால் சில மாதங்கள், சில பூனைகளுக்குச் சில வருடங்கள்கூடச் சுகமாகக் கழியும்.

படுத்த பூனையெல்லாம் சாகப் போகிற பூனை அல்ல என்பதையும் மறக்காதீர்கள். எலி மருந்து தின்ற எலியைத் தின்றிருக்கலாம். கடுவன் பூனை குந்திக் குந்தி முக்கியும் சிறுநீர் வராமல் அலறினால், குழாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். இவை வைத்தியத்தால் பிழைக்கக்கூடியவை. ஆனால் அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது. ஆகவே முடிவு செய்யும் முன் ஒரு தடவையாவது டாக்டர் கையால் பார்த்துவிடுவது அவசியம்.

இன்னொரு எச்சரிக்கை. சாதுவாக இருந்த பூனை திடீரென்று சீறிப் பாய்ந்து கடிக்கிறது, எச்சில் ஒழுகுகிறது, தள்ளாடுகிறது, குரல் மாறுகிறது என்றால் அது வெறிநோயாக இருக்கலாம். அந்தப் பூனையைத் தொட்டுப் பணிவிடை செய்யவே கூடாது. குழந்தைகளை விலக்கிவிட்டு, மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். கடியோ பிறாண்டலோ பட்டிருந்தால், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

நோவை மறைக்கும் பிராணி

நாய்க்கு வலித்தால் முனகும். பூனை அப்படியில்லை, வலியை மறைக்கும். பரணில், விறகு அடுக்கின் இடுக்கில், கட்டிலுக்கு அடியில் போய் ஒண்டிக்கொள்ளும். "சாகற பூனை கண்ணுல படாது" என்று நம் ஊரில் சொல்வது இதனால்தான். பார்த்துக் கண்டுபிடிப்பது நம் பொறுப்பு. முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, ஒரே இடத்தில் குந்தியிருப்பது, உடம்பை நக்கிச் சுத்தம் செய்யாமல் முடி சிலிர்த்துக் கிடப்பது, திண்ணை ஏறிய பூனை ஏறாமல் நிற்பது, தூக்கினால் சீறுவது. இவையெல்லாம் வலியின் அடையாளம்.

தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருந்தால் சரி. அதைத் தாண்டிக்கொண்டே போனாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ தாமதிக்காதீர்கள். பின்னங்கால்கள் திடீரென்று இழுத்துக்கொண்டு, பாதம் சில்லிட்டு, பூனை அலறினால், காலுக்குப் போகிற ரத்தம் அடைபட்டிருக்கலாம். அது பொறுக்க முடியாத வலி. உடனே டாக்டர் வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

இடம்: காற்றோட்டமான, சந்தடி இல்லாத மூலை. அது வழக்கமாகப் படுக்கும் இடமானால் நல்லது. சாக்கை மடித்துப் போட்டு, மேலே பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்து விரியுங்கள். நனைந்தால் மாற்றுங்கள். எழுந்திருக்க முடியாத பூனையை மூன்று நான்கு மணிக்கு ஒரு தரம் மெல்லப் புரட்டி மறுபக்கம் படுக்க வையுங்கள். இல்லாவிட்டால் எலும்பு அழுத்திப் புண்ணாகும்.

எறும்பு: கிராமத்து வீட்டில் இதுதான் பெரிய கொடுமை. அசையாத உயிரை எறும்பு விடாது. அதற்காக எறும்புப் பொடி தூவுவதும், மருந்துச் சாக்பீஸால் கோடு போடுவதும் கூடாது. பூனை தன் உடம்பை நக்குகிற பிராணி, பொடி வயிற்றுக்குள் போய்விடும். ஒரு பலகையை நாலு செங்கல்மேல் வைத்து, செங்கற்களைத் தண்ணீர் ஊற்றிய தட்டுகளில் நிறுத்துங்கள். பலகை தாழ்வாகவே இருக்கட்டும். ஈ மொய்க்காமல் கொசுவலைத் துணியால் மூடுங்கள். புண்ணிலோ ஆசனவாயிலோ ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். தினம் இரண்டு வேளை வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, ஈரம் போக ஒற்றிவிடுங்கள்.

சூடு: கிழட்டுப் பூனைக்குக் குளிர் தாங்காது. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணி சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். உங்கள் கைக்கு இதமாக இருக்கிற சூடு போதும். நகர முடியாத பூனைக்கு அதிகச் சூடு பட்டால் தோல் வெந்துவிடும்.

சாப்பாடு: மீனையோ கோழிக்கறியையோ உப்பு, மிளகாய், வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் வேகவைத்து, முள், எலும்பு நீக்கி, நசுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும். லேசாகச் சூடு செய்தால் வாசனைக்குச் சாப்பிடும். பால்தான் பூனைக்கு ஆகாரம் என்று நினைக்காதீர்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, கழியும். அகலமான தட்டில் தண்ணீர் எப்போதும் எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும்.

படுத்துக் கிடக்கும் பூனையின் வாயைப் பிளந்து கஞ்சியோ பாலோ ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினால் விட்டுவிடுங்கள். கடைசி நேரத்தில் உடம்புக்கு ஆகாரம் தேவைப்படுவதில்லை. ஈரத் துணியால் உதட்டையும் ஈறையும் நனைத்துக்கொண்டிருந்தால் போதும்.

மலஜலம்: விளிம்பு தாழ்வான பழைய தட்டில் மணல் பரப்பிப் படுக்கைக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

மருந்து: மறுபடியும் சொல்கிறேன், மனிதர் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். காய்ச்சல் மாத்திரை, தலைவலி மாத்திரை, மூட்டுவலி மாத்திரை எதுவும் வேண்டாம். மண்ணெண்ணெய், டர்ப்பன்டைன் தடவாதீர்கள். பூனைக்கென்று அளவு பார்த்துக் கொடுக்கும் வலி மருந்து டாக்டரிடம் உண்டு. நீர் வற்றிய பூனைக்குத் தோலுக்கடியில் சலைன் ஏற்றலாம். கேட்டால் வீட்டில் ஒருவருக்கு அதைச் செய்யச் சொல்லித் தருவார்.

எப்போது முடிவெடுப்பது?

தினசரிக் காலண்டர் தாளில் ஒரு குறி போட்டு வாருங்கள். இன்றைக்குச் சாப்பிட்டதா? தண்ணீர் குடித்ததா? தானாக எழுந்து மணலுக்குப் போனதா? உடம்பை நக்கிக்கொண்டதா? மூச்சு சீராக இருந்ததா? கூப்பிட்டால் காதை அசைத்ததா? பெரும்பாலும் ஆமாம் என்றால் நல்ல நாள், கோடு போடுங்கள். இல்லை என்றால் கெட்ட நாள், சுழி போடுங்கள். கோட்டைவிடச் சுழி அதிகமாகிவிட்டால், டாக்டரிடம் வெளிப்படையாகப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

வலியை மருந்தால் அடக்க முடிகிறவரை, வீட்டிலேயே இயற்கையாகப் போகவிடலாம். அடக்க முடியாதபோது தூங்க வைக்கும் ஊசி ஒன்று உண்டு. "கையால உசுர எடுக்கலாமா டாக்டரே, பூனையக் கொன்ன பாவம் ஏழேழு ஜென்மத்துக்கும் விடாதே" என்பார்கள். நியாயமான கேள்வி. நான் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்வேன். சாக்கில் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிட்டு வருகிறோமே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? தாகத்தால், பசியால், நாய் வாயில் அது சாகிறது. நம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். பசியாலும் தாகத்தாலும் வாடும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டுப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

ஊசி போடும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், தெரிந்தால் பயம் குறையும். முதலில் மயக்க ஊசி. பூனை அதன் படுக்கையிலேயே, உங்கள் கை அதன் தலைமேல் இருக்க, சில நிமிடங்களில் ஆழ்ந்து தூங்கிவிடும். பிறகு மயக்க மருந்தையே அதிக அளவில் ரத்தக் குழாயில் செலுத்துவார். வலி தெரியாமலே மூச்சும் இதயமும் நின்றுவிடும். கண் திறந்தபடியே இருக்கும். சில சமயம் தசை துடிக்கும், ஒன்றிரண்டு பெருமூச்சு வரும், சிறுநீர் பிரியும். அப்போது உயிர் இல்லை, பதற வேண்டாம். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து உறுதி சொல்வார். டாக்டர் வீட்டுக்கு வர முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வர முடியாவிட்டால், கூட்டம் குறைந்த நேரத்தில் அதன் படுக்கைத் துணியோடு கூடையில் வைத்துக் கொண்டுபோங்கள்.

அதற்குப் பிறகு

கிணறு, வாய்க்கால், குளம் இவற்றுக்குத் தள்ளி, குறைந்தது மூன்றடி ஆழத்தில் புதையுங்கள். மேலே கனமான கல் வையுங்கள். ஊசி போட்ட உடலில் மருந்து தங்கியிருக்கும். நாயோ காக்கையோ அதைத் தின்றால் அவற்றுக்கும் ஆபத்து. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டின் உடல் வழியாகக் கழுகுக் கூட்டத்தையே அழித்தது. அதனால்தான் 2006-ல் மாட்டுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. செத்த உடலைக் குப்பைமேட்டில் வீசுவது எந்த வகையிலும் சரியில்லை.

குழந்தைகளிடம் "ஓடிப் போயிடுச்சு" என்று பொய் சொல்லாதீர்கள். தினம் வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும். செத்துவிட்டது என்று சொல்லுங்கள், ஒரு பிடி மண்ணை அதுவும் போடட்டும். பிறகு குட்டி ஒன்று கொண்டுவந்தால், மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட மறக்காதீர்கள்.

அந்தப் பாட்டி வீட்டில் அன்றைக்கு நான்தான் ஊசி போட்டேன். மடியில் வைத்துக்கொண்டு, அதன் காதோரம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். முடிந்ததும் பத்தாயத்துக் கதவைத் திறந்து ஒரு மரக்கால் நெல்லை அளந்து என் முன்னால் வைத்தார். "வேண்டாம் பாட்டி" என்றேன். "ஒனக்கில்ல தம்பி. அது காத்த நெல்லு. எடுத்துக்கிட்டுப் போ" என்றார்.

எடுத்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு என் மருந்தகத்துக்குக் கூடையோடு வந்தவர் எவரையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. நீங்களும் கூச்சப்படாமல் கொண்டு வாருங்கள்.