சுகாதாரத் துறையின் டெங்கு அறிவிப்பு: ஓர் எளிய விளக்கவுரை

(மழைக்காலத்தை முன்னிட்டு நமது பள்ளிவாசல் மண்டபத்தில் நடைபெற்ற சுகாதார விழிப்புணர்வுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னர் சுகாதாரத் துறையிடமிருந்து டெங்குக் காய்ச்சல் பற்றிய அறிவிப்பு வந்து சேர்கிறது. நமது பள்ளிவாசலின் அறிவிப்புப் பலகையிலும் அது ஒட்டப்படுகிறது. ஐந்து வேளையும் அதனைக் கடந்து செல்கிறோம். நின்று படிப்போர் சிலர். படித்தோரிலும் பொருள் விளங்கியோர் மிகச் சிலர். ‘கொசுப்புழு உற்பத்தி ஆதாரங்களை அகற்றுதல்’, ‘முதிர்கொசு ஒழிப்பு’, ‘எச்சரிக்கை அறிகுறிகள்’ போன்ற சொற்கள் அலுவலகங்களுக்குப் பழகியவை. நம் வீட்டு அடுப்படிகளுக்குப் பழகாதவை.

நாம் மருத்துவம் பயின்றவர் அல்லர். ஆயினும் சுருங்கிய வாசகத்தை விரித்துப் பொருள் சொல்லுதல் மதரஸாவில் நாம் பயின்ற பணியே. ‘மத்னு’ என்னும் மூலம் நான்கு சொற்களில் இருக்கும். ‘ஷரஹ்’ என்னும் விரிவுரை இன்றேல் மாணவருக்கு அது விளங்காது. அவ்வாறே இந்த அறிவிப்புக்கும் ஒரு விரிவுரை தேவைப்படுகிறது. காரணம் விளங்காத கட்டளையை மனிதன் இரண்டு நாள் பின்பற்றுவான். மூன்றாம் நாள் கைவிட்டு விடுவான். காரணம் விளங்கிவிட்டால் எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

இஃது ஏதோ தொலைதூர நாட்டின் நோய் அன்று. 2012ஆம் ஆண்டில் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் கடையநல்லூர் டெங்குவால் பட்ட துன்பத்தை நம்மில் பலரும் அறிவோம். மத்திய அரசின் கணக்குப்படி அவ்வாண்டு தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு கண்டறியப்பட்டது. 66 பேர் உயிரிழந்தனர். 2017ஆம் ஆண்டில் 23,294 பேருக்கு நோய் கண்டறியப்பட்டு, 65 பேர் மரணமடைந்தனர். நோயுற்றோரில் மிகப் பெரும்பாலோர் பிழைத்துக் கொள்கின்றனர் என்பது இக்கணக்கிலிருந்தே விளங்கும். ஆயினும் உரிய நேரத்தில் மருத்துவமனையை அடையாதவருக்கு இந்நோய் உயிராபத்தாக முடியக்கூடும். அந்த உரிய நேரம் எது என்பதுதான் இவ்வறிவிப்பில் நாம் விளங்கிக்கொள்ள வேண்டிய தலையாய செய்தி. அதற்கு வருமுன் ஏனைய வாசகங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, ‘கொசுப்புழு உற்பத்தி ஆதாரங்களை அகற்றுக’ என்பது.

இதனைப் படித்தவுடன் பலரும் தெருச் சாக்கடையை எண்ணிக்கொண்டு, பேரூராட்சியைக் குறை கூறுகின்றனர். சாக்கடைத் தூய்மை வேண்டியதே. ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் நாம் சேமித்து வைக்கும் நல்ல தண்ணீரையே நாடுகிறது. வீட்டுக்குள் இருக்கும் சிமெண்ட் தொட்டி, பிளாஸ்டிக் டிரம், குடம், மூடியில்லா மேல்நிலைத் தொட்டி, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, கொல்லையில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், ஆட்டுக்கல் ஆகியவையே அவ்வறிவிப்பு கூறும் ‘ஆதாரங்கள்’. குடிநீர் நாள்தோறும் வராத ஊர்களில் தண்ணீரைச் சேமிக்காமல் வாழ இயலாது. சேமிக்க வேண்டாம் என்று அறிவிப்பும் கூறவில்லை. கொசு புகாதவாறு மூடி வைக்குமாறே கூறுகிறது.

இரண்டாவது, ‘வாரம் ஒருமுறை பாத்திரங்களைத் தேய்த்துக் கழுவி உலர்த்துக’ என்பது.

வாரம் ஒருமுறை என்று ஏன் கூறப்பட்டது? முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறந்து செல்வதற்கு ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகின்றன. ஏழு நாட்களுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிட்டால் புழு கொசுவாகும் முன்னரே அழிந்துவிடும். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை கொட்டுவோமாயின், கொசு பறந்து சென்ற பிறகு பாத்திரம் கழுவியவர்களாவோம்.

தண்ணீரைக் கொட்டினால் போதாதா, தேய்க்கவும் வேண்டுமா என்று தாய்மார்கள் வினவலாம். இக்கொசு தன் முட்டைகளைத் தண்ணீர் மட்டத்திற்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி வைக்கிறது. தண்ணீரைக் கொட்டினாலும் அவை சுவரிலேயே தங்கிவிடும். காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். மறுபடியும் தண்ணீர் ஏறியவுடன் பொரிந்துவிடும். ஆகவேதான் தென்னை நார் கொண்டோ பிரஷ் கொண்டோ உட்சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். நமது வீடுகளில் வெள்ளிக்கிழமை காலையில் வீடு வாசல் துப்புரவு செய்வது வழக்கமாகவே இருக்கிறது. அதனுடன் இவ்வேலையையும் சேர்த்துக்கொண்டால் ஏழு நாள் கணக்கு தவறாது.

மூன்றாவது, ‘முதிர்கொசு ஒழிப்பு’ என்பது.

தெருவில் புகைமருந்து அடிப்பதைத்தான் இவ்வாறு குறிப்பிடுகின்றனர். புகை, பறந்து கொண்டிருக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தொட்டியிலுள்ள புழுவையும் முட்டையையும் அது தொடாது. எனவே ‘எங்கள் தெருவுக்குப் புகை அடித்துவிட்டார்கள்’ என்று எவரும் நிம்மதி கொள்ள வேண்டாம். தொட்டியில் ஊற்றப்படும் ‘அபேட்’ என்னும் மருந்தே புழுவைக் கொல்வது. அதன் வாடை பிடிக்கவில்லை என்று, பணியாளர் தெருமுனையைத் தாண்டும் முன்னரே தண்ணீரைக் கொட்டிவிடும் வீடுகள் உள்ளன. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லிகிராம் என்னும் அளவுக்கு மிகாமல் இம்மருந்தைக் குடிநீர்த் தொட்டியிலும் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டுள்ளது. தயக்கமுள்ளோர் குடிநீரை மூடிய பாத்திரத்தில் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, புழங்கும் நீர்த் தொட்டியில் மருந்தை இருக்க விடலாம்.

நான்காவது, ‘பகல் நேரக் கொசுக்கடியிலிருந்து பாதுகாத்துக் கொள்க’ என்பது.

இரவில் கொசுவலைக்குள் உறங்கினால் போதும் என்று எண்ணுகிறோம். ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. அதிலும் காலை வேளையிலும், சூரியன் மறைவதற்கு முந்தைய சில மணி நேரத்திலும் அது மிகுதியாகக் கடிக்கிறது. நமது பிள்ளைகள் ஃபஜ்ருக்குப் பின் மக்தபில் அமரும் நேரமும், அஸருக்குப் பின் மஃரிப் வரை ஓதும் நேரமும் ஏறக்குறைய அவையே என்பதைச் சிந்திக்க வேண்டும். முழுக்கை உடையும் காலை மறைக்கும் ஆடையும் அணிவித்துப் பிள்ளைகளை அனுப்புங்கள். மக்தப் அறையின் சன்னல்களுக்கு வலை அடிக்கும் பணியை நிர்வாகம் முதற்பணியாகக் கொள்ள வேண்டுகிறோம். பகலில் உறங்கும் கைக்குழந்தைக்கும், காய்ச்சலில் படுத்திருப்பவருக்கும் பகலிலேயே கொசுவலை கட்டுங்கள். நோயாளியைக் கடித்த கொசுவே, தன்னுள் கிருமி முதிர்ந்த பின்னர் பிறருக்கு அதனைக் கொண்டு செல்கிறது.

ஐந்தாவது, ‘காய்ச்சல் கண்டோர் சுயமாக மருந்து உட்கொள்ளலாகாது’ என்பது.

டெங்குக் கிருமியை நேரே அழிக்கும் மருந்து எதுவும் மருத்துவரிடம் இல்லை. காய்ச்சலைத் தணிப்பதும், உடலின் நீர் குறையாமல் காப்பதுமே சிகிச்சை. காய்ச்சலைத் தணிக்க மருத்துவர் கூறும் அளவில் பாராசிட்டமால் தரப்படுகிறது. ஆஸ்பிரின், இபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளோ இரத்தக் கசிவை மிகுதியாக்கக் கூடியவை. மருந்துக் கடையில் ‘உடம்பு வலிக்கு ஏதாவது கொடுங்கள்’ என்று கேட்டு வாங்கும் மாத்திரையில் இவை இருக்கக்கூடும். நிலவேம்புக் குடிநீர் அருந்துவோர் அருந்தட்டும். ஆனால் அதனை அருந்திவிட்டோம் என்பதற்காக மருத்துவரிடம் செல்வதையும் இரத்தப் பரிசோதனையையும் தள்ளிப்போடக் கூடாது. கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றை அடிக்கடி சிறிது சிறிதாகக் கொடுத்து வர வேண்டும்.

ஆறாவது, ‘எச்சரிக்கை அறிகுறிகள்’ என்பது. அருமைச் சகோதரர்களே, தாய்மார்களே! இதனை மட்டுமேனும் நெஞ்சில் நிறுத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

மற்றக் காய்ச்சல்களில் உடல் குளிர்ந்தவுடன் நோய் நீங்கிற்று என்று மகிழ்கிறோம். தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறோம். டெங்குவில் நிலைமை வேறு. காய்ச்சல் கண்டதிலிருந்து ஏறத்தாழ 3 முதல் 7 நாட்களுக்குள் உடல் வெப்பம் இறங்கும். சிலருக்கு ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது. இரத்தக் குழாய்களிலிருந்து இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிந்துவிடுகிறது, எஞ்சிய இரத்தம் கெட்டியாகிறது, நாடி தளர்கிறது. இந்த நிலை 24 முதல் 48 மணி நேரம் வரை நீடிக்கும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டார் நிம்மதியாக உறங்கும் அந்த இரண்டு இரவுகளே நோயாளியை மிகவும் உற்றுக் கவனிக்க வேண்டிய இரவுகள்.

கடுமையான வயிற்று வலி, ஓயாத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, வாந்தியிலோ மலத்திலோ இரத்தம், மூச்சு வாங்குதல், கை கால் சில்லிட்டுப் போதல், சிறுநீர் குறைதல், மிகுந்த சோர்வு, காரணமில்லாத அமைதியின்மை ஆகிய இவற்றில் ஒன்று தென்பட்டாலும் விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. இரவானாலும் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். ஆலோசனை மட்டும் வேண்டுமாயின் 104 என்னும் எண்ணில் கேட்கலாம்.

இங்கே ‘பிளேட்லெட்’ எனப்படும் தட்டணுக்களைப் பற்றியும் ஒரு சொல். எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று கேட்டவுடன் வீட்டார் இரத்தம் தேடி ஓடுகின்றனர். மருத்துவர் அந்த எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. இரத்தம் எவ்வளவு கெட்டியாகியுள்ளது, இரத்த அழுத்தம் எவ்வாறுள்ளது, சிறுநீர் வெளியேறுகிறதா என்பவற்றையும் சேர்த்தே முடிவு செய்கிறார். எண்ணிக்கை குறைந்த எல்லோருக்கும் தட்டணுக்கள் ஏற்றப்படுவதில்லை. எண்ணிக்கை ஓரளவு இருக்கிறது என்பதற்காக எச்சரிக்கை அறிகுறிகளைப் பொருட்படுத்தாமல் இருக்கவும் கூடாது.

முன்னர் ஒருமுறை டெங்கு வந்து குணமானோரும் அச்சமின்றி இருந்துவிட வேண்டாம். இக்கிருமியில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகை வந்து நீங்கினால் அந்த வகைக்கு மட்டுமே நீடித்த எதிர்ப்பு உண்டாகும். வேறு வகையால் இரண்டாம் முறை தாக்கப்படுவோருக்கு நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது.

நிறைவாக, நம் மஹல்லாவுக்கே உரிய மூன்று செய்திகளை நிர்வாகத்தின் முன்னும் உங்கள் முன்னும் வைக்கிறோம்.

ஒன்று, பூட்டிய வீடுகள். குடும்பத்துடன் வளைகுடா நாடுகளிலும் சென்னையிலும் வாழ்வோரின் வீடுகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கின்றன. மாடியில் மூடி விலகிய தொட்டியும் முற்றத்தில் தேங்கிய மழைநீரும் எவர் கண்ணிலும் படுவதில்லை. ஏடிஸ் கொசு வெகுதூரம் பறப்பதன்று. ஆகவே அந்த வீட்டில் பிறக்கும் கொசு அண்டை வீட்டுப் பிள்ளையைத்தான் கடிக்கும். வெளியூர் செல்வோர் தண்ணீர்த் தொட்டிகளைக் காலி செய்து மூடிவிட்டு, சாவியை நம்பிக்கைக்குரிய உறவினரிடமோ நிர்வாகத்திடமோ ஒப்படைத்துச் செல்லுங்கள்.

இரண்டு, வாசலில் நிற்கும் பணியாளர். கொசுப்புழு ஒழிப்புக்காக வருவோர் குறைந்த ஊதியத்தில் வெயிலிலும் மழையிலும் வீடு வீடாக ஏறி இறங்குவோர். ஆண்கள் இல்லாத நேரத்தில் தயக்கம் எழுவது இயல்பே. அவர்களுள் பெண்களும் உள்ளனர். பெண் பணியாளரை அனுப்பக் கேட்கலாம், அல்லது ஆண்கள் இருக்கும் நேரத்தைக் கூறலாம். கதவைத் திறவாமலே திருப்பி அனுப்புவது மட்டும் வேண்டாம்.

மூன்று, நமது பள்ளிவாசல். ஹவ்ளில் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன்களை விடுவதற்குச் சுகாதார அலுவலரை அணுகலாம். மேல்நிலைத் தொட்டியின் மூடி, மையவாடியில் கிடக்கும் சிரட்டைகள், பந்தல் சாமான் அறையின் பின்னால் கிடக்கும் பழைய அண்டாக்கள் ஆகியவற்றை வாரந்தோறும் கவனிக்க ஒருவரைப் பொறுப்பாக நியமிக்க வேண்டும். பலகையில் அறிவிப்பை ஒட்டிவைத்திருக்கும் இடமே கொசு வளரும் இடமாக இருத்தல் தகாது.

அடுத்த அறிவிப்பு வரும்போது, அதனை ஒட்டுவதோடு நில்லாமல், ஜும்ஆவுக்குப் பின் ஐந்து நிமிடம் ஒலிபெருக்கியில் எளிய தமிழில் விளக்கிச் சொல்ல நாம் ஆயத்தமாக இருக்கிறோம். கேட்டுச் சென்றவர்கள் அதனை வீட்டிலுள்ள பெண்களிடமும் முதியோரிடமும் கூறுங்கள். காய்ச்சல் விட்ட பிள்ளையின் அருகே அந்த இரண்டு இரவுகளும் விழித்திருக்க வேண்டியவர்கள் அவர்களே.