வயிற்றுச் சுற்றளவும் குடல் நுண்ணுயிரும்

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு ஒன்றைச் சொல்கிறது: புதுச்சேரியில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 46 பேர் எடை மிகுந்தவர்கள். இந்திய அளவில் 24 பேர்தான். புதுச்சேரியின் தவளக்குப்பத்தில் இருந்து கேட்பவர்களும் இந்தக் கணக்குக்குள் வருகிறார்கள். எடை கூடினால் சர்க்கரை, ரத்த அழுத்தம் வரும் என்று நமக்குத் தெரியும். பெருங்குடல் புற்றுநோயும் இந்த எடையோடு தொடர்புள்ளது என்பதைத்தான் அதிகம் பேசுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் உடல் பருமனோடு இணைத்த 13 புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அது ரத்தத்தில் இன்சுலினைக் கூட்டுகிறது, ஓயாத அழற்சியை மூட்டுகிறது. இரண்டும் குடல் செல்களை அளவுமீறிப் பெருகத் தூண்டக்கூடியவை.

"எனக்குத் தெரிந்த நோயாளிகள் ஒல்லியாகத்தானே இருந்தார்கள்" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் புற்றுநோயே உடலை உருக்கும். நோய்க்குப் பல ஆண்டு முன்பிருந்த எடையைத்தான் பார்க்கவேண்டும். தவிர, நம்மவர்களிடம் எடைக்கருவி ஏமாற்றும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே கவனம் வேண்டும்.

இந்தப் புற்றுநோயில் குடல் நுண்ணுயிர்களின் பங்கு இன்னும் முழுதாகத் துலங்கவில்லை. கட்டிக்குள் காணும் கிருமி நோயை உண்டாக்கியதா, நோய் வந்தபின் குடியேறியதா என்று ஐயப்படுவது சரியே. ஆனாலும் சில வகை ஈ.கோலி பாக்டீரியா சுரக்கும் கோலிபாக்டின் என்ற நச்சு, மரபணுவில் தனக்கே உரிய தழும்பை விடுகிறது என்று 2020-ல் தெரிந்தது. 40 வயதுக்குட்பட்ட நோயாளிகளிடம் அந்தத் தழும்பு அதிகம் என்று 2025-ல் வந்த ஆய்வு காட்டியது. அது பருமனால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். பருமனும் நுண்ணுயிரும் சந்திக்கும் இடம் சாப்பாட்டுத் தட்டு. கேழ்வரகு, காராமணி, கீரையில் உள்ள நார்ச்சத்தைப் புளிக்கவைத்து நுண்ணுயிர்கள் பியூட்டிரேட் என்ற பொருளைத் தருகின்றன. அதுவே குடல் சுவரின் முக்கிய உணவு. 2015-ல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்கக் கறுப்பினத்தவர் 20 பேரும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர் 20 பேரும் இரண்டு வாரம் உணவை மாற்றிக்கொண்டனர். நார் மிகுந்த உணவுக்கு மாறியவர்களின் குடலில் பியூட்டிரேட் கூடி அழற்சி தணிந்தது, மற்றவர்களுக்கு நேர்மாறு. இரண்டு வாரம் புற்றுநோயைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாது. குடல் எத்தனை விரைவில் மாறுகிறது என்பதைச் சொல்லும். இதற்கு விலைகூடிய நுண்ணுயிர் மாத்திரை வேண்டாம். கூழும் சுண்டலும் போதும்.

இன்னொரு வேண்டுகோள். மலத்தில் ரத்தம் கண்டால் மூலம் என்று நீங்களே முடிவுகட்டி மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனையில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. காட்டிவிட்டு வாருங்கள்.