மரத்துக்கு முதலில் மண் வேண்டும்



சென்னை சைதாப்பேட்டையில் 1868-ஆம் ஆண்டு ஒரு வேளாண்மைப் பள்ளி தொடங்கப்பட்டது. 1906-இல் கோயம்புத்தூருக்கு இடம் மாறிய அந்தப் பள்ளிதான் இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தொடக்கம். பயிர்த்தொழில் கற்றுக்கொடுத்த அந்தச் சைதாப்பேட்டையில் இன்று ஒரு வேப்பங்கன்று நடக்கூடக் கையகல மண்ணைத் தேட வேண்டியிருக்கிறது. தாடண்டர் நகர் அரசு ஊழியர் குடியிருப்பானாலும் சரி, சந்துக்குள் நிற்கும் எட்டு வீட்டு ஃபிளாட்டானாலும் சரி, சுற்றுச்சுவருக்கும் கட்டடத்துக்கும் நடுவே மண் தெரிகிறதா என்று பாருங்கள். சிமென்ட் இல்லையென்றால் பேவர் கல்.

குடியிருப்போர் சங்கத்தில் பசுமை என்ற பேச்சு எழுந்தவுடன் கன்று வாங்கத்தான் கிளம்புகிறோம். முதலில் தேவை கடப்பாரை. மரம் நிற்கப்போகும் இடத்தைச் சுற்றி நாலடிக்கு நாலடியாவது கல்லைப் பெயர்த்தெடுக்க வேண்டும். வேருக்குத் தண்ணீரோடு காற்றும் வேண்டும். அடிமரம் வரை சிமென்ட் பூசிவிட்டால் இரண்டுமே போகாது.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, தூங்குமூஞ்சியும் மயில்கொன்றையும் தெருத்தெருவாகச் சாய்ந்து கிடந்தன. வெளிநாட்டு மரங்கள், ஆழமில்லாத வேர் என்று சொன்னார்கள். அது உண்மைதான். ஆனால் கால்வாய்க்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டி ஒரு பக்கத்து வேரையே வெட்டியிருந்தோமே, அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். மரம் விழுந்த பயத்தில் நின்ற மரத்தையும் வெட்டிய குடியிருப்புகள் உண்டு. எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

என்ன மரம் வைக்கலாம்? நிழலுக்குப் புங்கம். இலையுதிர்த்த சில வாரங்களிலேயே துளிர்த்து, கோடைக்கு முன் குடை விரித்துவிடும். வாசலோரம் மகிழம். இடம் கொஞ்சம் தாராளமாக இருந்தால் வேம்பு, பூவரசு. அரசும் ஆலும் சுவருக்கும் சம்ப்புக்கும் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

அடையாற்றுக்கு அந்தப் பக்கம் கோட்டூர்புரத்தில், குப்பை கொட்டிக்கிடந்த ஆற்றங்கரை நிலத்தை ‘நிழல்’ அமைப்பினர் மரப்பூங்காவாக மாற்றியிருக்கிறார்கள். ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டதோடு நின்றிருந்தால் அந்தப் பூங்கா வந்திருக்காது. ஆண்டுக்கணக்கில் தண்ணீர் விட்டு, களை எடுத்துக் காப்பாற்றியவர்கள் இருந்தார்கள்.

நம் குடியிருப்பிலும் தவறுவது அங்கேதான். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் புரட்டாசியில் நடுங்கள்; வேர் பிடித்துவிடும். பிறகு வரும் சித்திரை வெயிலுக்கு யார் தண்ணீர் விடுவது? ‘எல்லாரும் பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரு கன்றுக்கு ஒரு வீடு என்று சங்கக் கூட்டத்திலேயே பெயர் எழுதிவிடுங்கள். முதல் இரண்டு கோடையைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் கவலையில்லை.

இன்னொரு புகார் வரும்: “சருகு கொட்டுது, கார் மேல விழுது.” பெருக்குகிற அம்மாவுக்கு அது கூடுதல் வேலைதான், அதற்குரிய கூலியைச் சங்கம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சருகைக் கொளுத்தாதீர்கள். ஒரு மூலையில் குழியெடுத்து, சமையலறைக் காய்கறிக் கழிவோடு அடுக்கி, அவ்வப்போது தண்ணீர் தெளித்துக் கிளறிவிட்டு வந்தால், அடுத்த புரட்டாசியில் நடும் கன்றுகளுக்கு வேண்டிய எரு அங்கேயே கிடைக்கும்.